இதை எழுதியவர் நீங்கள் அல்ல

"இதை எழுதியவர் நீங்கள் அல்ல."

திரையில் இந்த வரியைப் பார்த்ததும் பிரம்மசக்திக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பின்னே வராதா? மூன்று வாரமாக நகத்தைக் கடித்து, பேனா மூடியைக் கடித்து, கடிக்க வேறொன்றும் மிச்சமில்லாமல் எழுதி முடித்த கட்டுரை. அதை எழுதியது அவள் இல்லையென்றால், எண்ணெய் வழியும் தலையோடு விடுதி அறையில் உட்கார்ந்திருந்தது யாராம்?

வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "நடைரேகைப் பொருத்தம்: முப்பத்தொரு சதவீதம். தேவை: எண்பது." அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

விரலுக்கு ரேகை இருப்பதுபோல எழுத்து நடைக்கும் ஒரு ரேகை உண்டு என்று கண்டுபிடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எந்திரங்கள் கட்டுரை எழுத ஆரம்பித்ததிலிருந்து, பிள்ளை எழுதினதா பெட்டி எழுதினதா என்று தெரியாமல் வாத்தியார்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு வழி சொன்னார்கள். பிளஸ் டூ பரீட்சை ஹாலில் போன் கிடையாது, எந்திரம் கிடையாது, பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் தோலை உரித்துவிடுவார்கள். அங்கே எழுதுவதைவிடச் சுத்தமான சொந்த எழுத்து வேறெங்கே கிடைக்கும்? ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் பிளஸ் டூ விடைத்தாளிலிருந்தும் அதனதன் நடைரேகையை எடுத்து வைத்துக்கொள்வது, கல்லூரியில் அது எழுதும் ஒவ்வொரு கட்டுரையையும் அந்த ரேகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இப்படி யோசித்த பெரியவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டிலேயே பிளஸ் டூ எழுதியவர்கள் என்பதுதான் இதில் பெரிய கூத்து. ஏன் கூத்து என்று போகப் போகத் தெரியும்.

ஒப்பிட்டுச் சொல்லும் எந்திரத்துக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. பிள்ளைகள் அதை மாமியார் என்றுதான் சொல்வார்கள். என்ன செய்து வைத்தாலும் ஒரு நொட்டை சொல்லும் அல்லவா?

"ரபீக்கா!" என்று கத்தினாள் பிரம்மசக்தி. "மாமியார் என்னைய வீட்டை விட்டுத் தொரத்திட்டாட்டி!"

கட்டிலில் குப்புறப் படுத்து முறுக்கு தின்றுகொண்டிருந்த ரபீக்கா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். இருவரும் பாளையங்கோட்டை மேலக்கரைக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு. பிரம்மசக்திக்குத் திருச்செந்தூர், ரபீக்காவுக்குப் பக்கத்துக் காயல்பட்டினம். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே டியூஷன், இப்போது ஒரே அறை. அடுத்த வருடம் சென்னையில் எம்.ஏ. படிக்க இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சீட்டும் கிடைத்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா இரவல்னு முத்திரை குத்திருவாவளே," என்றாள் ரபீக்கா. "அப்புறம் ஒரு வருஷம் போச்சு. சென்னை சீட்டும் போச்சு."

"சீட்டு போனாக்கூட அழுதுட்டு எந்திரிச்சிருவேன். எங்கம்மா பார்லர்ல ஒரு வருஷம் நூல் பிடிச்சுப் புருவம் எடுக்கணும். அதுக்குத்தான் பயம்."

அவள் அம்மா பாக்கியத்தாய் திருச்செந்தூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் புருவம் அவள் கையால் ஆனது. நல்ல மனுஷிதான், ஆனால் வாய்! நகராட்சிக்குப் புகார் சொல்லும் எண்ணில் தினம் ஒரு புகாராவது பேசிப் பதிவுசெய்யாமல் அவளுக்குக் காலைக் காப்பி இறங்காது. அந்தச் சத்தத்துக்குத் தப்பித்துத்தான் பிரம்மசக்தி விடுதிக்கே வந்தாள்.

இனி அந்தக் கட்டுரை. சித்திரத் தன்வரலாறு ஒன்றில் அடையாளம் எப்படி வரையப்படுகிறது என்பதுதான் ஹெப்சிபா மேடம் கொடுத்த தலைப்பு. புத்தகத்தின் பெயர் 'என்னை வரைந்தவர்கள்'. யோகராணி என்ற பெண் தன் வாழ்க்கையைத் தானே படக்கதையாக வரைந்திருக்கிறாள். இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாமில் பிறந்து, திருச்சியில் படித்து, நார்வேயில் நர்ஸ் வேலை பார்த்தவள். பக்கத்துக்குப் பக்கம் அவள் முகம் மாறும். முகாம் அதிகாரிக்கு முன்னால் நிற்கும்போது முகம் இருக்கும் இடத்தில் வெறும் எண். பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரி' என்று கூப்பிடும்போது வேறொரு மூக்கு. நார்வேயில் மழையில் கரைந்த மாதிரி ஒரு பழுப்புத் தீற்றல். பார்க்கிறவன் எப்படிப் பார்க்கிறானோ அப்படித்தான் தன்னை வரைந்திருந்தாள்.

வகுப்பில் எல்லாரும் அந்த முகத்தைப் பற்றியே எழுதினார்கள். பிரம்மசக்தியும் முதலில் அதைத்தான் எழுதினாள், எழுதி எழுதிக் கிழித்தாள். ஒருநாள் சும்மா படுத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. முகம் மாறுகிறது, உடை மாறுகிறது, ஊர் மாறுகிறது. ஆனால் யோகராணி நிற்கிற நிலை மாறவே இல்லை. இடது கை இடுப்பில், உடம்பு வலது காலில் சாய்ந்து, மோவாய் ஒரு விரல்கடை தூக்கி, எந்த ஊரிலும் அப்படித்தான் நிற்கிறாள். பிறகு கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பக்கத்தில், முகாம் தண்ணீர்க் குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்கும் அவள் அம்மாவும் அதே மாதிரி நிற்கிறாள்!

அன்றைக்குப் பிரம்மசக்திக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்தவள் எழுந்திருக்காமல் எழுதினாள். இந்த மாதிரி எழுதினாள்: "முகத்தை மாற்றி மாற்றி வரைந்தவள் இடுப்பில் இருக்கும் கையை மட்டும் மாற்றவில்லை. மறந்துவிட்டாளா, நாம் கவனிக்கிறோமா என்று பார்த்தாளா? எனக்கென்னவோ இரண்டாவதுதான்."

எழுதி முடித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இதற்கு முன் எதை எழுதியும் அப்படி வந்ததில்லை. அந்தக் கட்டுரையைத்தான் மாமியார் உன்னுடையது இல்லை என்று தள்ளிவிட்டது.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல," என்றாள் ரபீக்கா, முறுக்குத் துணுக்கைத் தட்டிவிட்டு. "எனக்கு எப்பவும் தொண்ணூறுக்கு மேலதான் வருது. உன் கட்டுரையைக் கொஞ்சம் பழைய பிரம்மு மாதிரி ஆக்குவோம். நீ முன்னாடி எப்படி எழுதுவ?"

பிரம்மசக்தி யோசித்தாள். பழைய பிரம்மு எப்படி எழுதுவாள் என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

"என்னட்டி முழிக்க? நல்லா பெரிய வார்த்தையா போடு. 'தெள்ளத் தெளிவாகும்' போடு."

அங்கங்கே நாலு பெரிய வார்த்தையைச் சொருகி மறுபடி ஏற்றினார்கள். முப்பத்தாறு. இன்னும் சொருகினார்கள். நாற்பது. அப்புறம் ரபீக்கா, "கொடு, நான் பாக்கேன்," என்று கணினிப் பலகையைப் பிடுங்கி ஏதோ திருத்தி ஏற்றிவிட்டாள். திரை பச்சையாக மலர்ந்தது.

"பொருத்தம்: தொண்ணூற்றாறு. வாழ்த்துகள், பிரம்மசக்தி."

இருவரும் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். குதித்து முடித்த பிறகுதான் பிரம்மசக்தி திரையைச் சரியாகப் பார்த்தாள். ஏற்றியது அவள் கட்டுரையே இல்லை, ரபீக்காவின் கட்டுரை. இரண்டு பேருமே 'கடைசி புதுசு' என்றுதான் கோப்புக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏட்டி... நீ எழுதினதைப் பாத்துட்டு மாமியார் என்னைய வாழ்த்துதா."

"அது எப்படி? அப்ப நீதான் நானா?"

"அதைத்தான் நானும் கேக்கேன்!"

பக்கத்து அறை உடன்குடிப் பெண்ணின் கட்டுரையைக் கடன் வாங்கிப் பிரம்மசக்தியின் பெயரில் ஏற்றிப் பார்த்தார்கள். தொண்ணூற்று நாலு. எதிர் அறைத் தென்காசிப் பெண்ணுடையதை ஏற்றினார்கள். இருபத்திரண்டு. உடன்குடிக்கும் காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் பொதுவாக இருப்பது என்ன? இரண்டு பேர் வாயிலும் ஒரே நேரத்தில் அந்தப் பெயர் வந்தது.

"கொம்பையா சார்!"

திருச்செந்தூர் வட்டாரத்தில் கொம்பையா டியூட்டோரியலில் உட்காராமல் பிளஸ் டூ தாண்டிய பிள்ளைகள் குறைவு. தலைப்பு மாறும், கட்டுரை மாறாது என்பது அவர் கொள்கை. தண்ணீர்ச் சிக்கனமா? "ஞாலத்தில் சிறந்தது எது எனச் சிந்தித்துப் பார்ப்போமானால், தண்ணீரே என்பது தெள்ளத் தெளிவாகும்." நூலகமா? தண்ணீரை எடுத்துவிட்டு நூலகத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான். முன்னுரையிலிருந்து முடிவுரை வரைக்கும் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். பரீட்சை ஹாலில் போன் இல்லை, எந்திரம் இல்லை, உண்மைதான். ஆனால் பெஞ்சுக்கு ஒரு கொம்பையா சார் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எந்திரம் அதையெல்லாம் அவரவர் சொந்த ரேகை என்று பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

அப்போதே அவருக்குப் போன் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் பூரித்துப் போய்விட்டார்.

"அப்ப இத்தனை வருஷமா டிகிரி வாங்கினது பூரா நான்தானா? எங்க வீட்டுக்காரிட்ட சொல்லணுமே! ஆனா ஒண்ணு தாயி, அந்தக் கட்டுரை என்னுது இல்ல. எங்க சாரு எனக்குச் சொல்லித் தந்தது. அவரு யார்ட்ட படிச்சாரோ!"

போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ரபீக்காவின் முகம் மட்டும் சட்டென்று சுருங்கியது.

"பிரம்மு, இதை வெளிய சொல்லிராத."

"ஏன்? இதைச் சொன்னா நான் தப்பிச்சிருவேனே."

"நீ தப்பிச்சிருவ. நாங்க? எங்க ரேகை பூரா பொய்னு ஆயிரும். இதுவரை எழுதினது எல்லாத்தையும் தோண்டுவாவ. நான் காப்பி அடிக்கலட்டி, சத்தியமா நானாத்தான் எழுதினேன். எனக்கு எழுதத் தெரிஞ்சதே அப்படித்தான்." அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "உனக்குன்னு ஒண்ணு வந்துட்டு. நான் கொம்பையா சாரை எடுத்துட்டு எழுதினா உள்ள இருந்து யாரு வருவா, சொல்லு? யாருமே வரலைன்னா?"

முறுக்கை முக்கால்வாசி தின்றுவிட்டு மிச்சத்தை நீட்டும் சண்டைக்காரிதான் ரபீக்கா, ஆனால் இவள் இல்லாத சென்னையைப் பிரம்மசக்தியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "சொல்ல மாட்டேன், போதுமா?" என்று கையில் அடித்துக் கொடுத்தாள்.

வேறு வழி ஒன்று இருக்கத்தான் செய்தது, அதுவும் ரொம்பச் சுலபமான வழி. அன்று சாயங்காலமே உட்கார்ந்து கட்டுரை முழுவதையும் கொம்பையா நடையில் மாற்றி எழுதினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "ஞாலத்தில் சிறந்தது எது எனச் சிந்தித்துப் பார்ப்போமானால், அடையாளமே என்பது தெள்ளத் தெளிவாகும். அத்தகைய அடையாளத்தை யோகராணி அம்மையார் தமது கரத்தை இடையில் வைத்து..." மாமியார் தொண்ணூற்றெட்டு கொடுத்தது. அப்படியொரு மதிப்பெண்ணை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. சமர்ப்பி என்ற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் முடிந்தது.

விரலைக் கொண்டுபோனாள். கொண்டுபோன விரல் நின்றுவிட்டது. எங்கெங்கோ எப்படியெப்படியோ பார்க்கப்பட்டும் கையை இடுப்பிலிருந்து எடுக்காத ஒருத்தியைப் பற்றி எழுதிவிட்டு, முதல் அதட்டலுக்கே நாம் கையை எடுத்துவிடுவதா? அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. பலகையை மூடிவிட்டு நேராக ஹெப்சிபா மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் அசல் கட்டுரையை நின்றுகொண்டே படித்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு புத்தகத்தை எடுத்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தைத் தேடிப் பார்த்தார்.

"இருபது வாட்டி நடத்தியிருக்கேன் இந்தப் புத்தகத்தை. இந்தக் கையை நான் பாக்கலையே! நீதான் எழுதினியா?"

"நான்தான் மேடம்."

"நான் நம்புறேன். மாமியார் நம்பணுமே." மேடமும் மாமியார் என்றுதான் சொன்னார். "மேல்முறையீடு போடலாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. மேல்முறையீடு போட்டா, உனக்கு யார் எழுதிக் கொடுத்தான்னு அது மாநிலம் முழுக்கத் தேடும். யார் ரேகை ஒத்துப்போகுதோ அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அகப்பட்டா ஒரு வருஷம் இல்ல, படிப்பே போயிரும்."

"தேடட்டும் மேடம். எழுதிக் கொடுத்தவங்க இருந்தாத்தானே அகப்படுவாங்க?"

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. கல்லூரி முதல்வர் அறையில் அவரும் ஹெப்சிபா மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நடைரேகை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மாசானமுத்து. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. துணைக்கு வந்த ரபீக்கா சுவரோரம் நின்றாள்.

மாசானமுத்து எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ஞாலத்தில் சிறந்தது எது எனச் சிந்தித்துப் பார்ப்போமானால், நேர்மையே என்பது தெள்ளத் தெளிவாகும்..."

பிரம்மசக்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி ரபீக்காவைப் பார்த்தாள். ரபீக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர் தொடர்ந்தார். "அத்தகைய நேர்மை இந்தக் கட்டுரையில் இல்லை. எழுதிக் கொடுத்தவரை எந்திரம் கண்டுபிடித்துவிட்டது. எண்பத்தெட்டு சதவீதம். அந்த நபரை வரவழைத்திருக்கிறோம்."

கதவு திறந்தது. உள்ளே வந்தது பாக்கியத்தாய்.

"எம்மா!" என்று அலறிவிட்டாள் பிரம்மசக்தி.

"என்னத்தட்டி செஞ்சு வச்சிருக்க? பார்லர்ல கல்யாணப் பொண்ணை முக்கால் முகத்தோட உக்கார வச்சிட்டு வந்திருக்கேன்!" என்று மகளிடம் எகிறிவிட்டு, அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். நின்ற விதம்! இடது கை இடுப்பில், உடம்பு வலது காலில் சாய்ந்து, மோவாய் ஒரு விரல்கடை தூக்கி.

பிரம்மசக்திக்கு உடம்பு ஒரு நொடி சிலிர்த்துப் போயிற்று. புத்தகத்தில் அந்தக் கையைத் தன் கெட்டிக்காரத்தனத்தால் கண்டுபிடித்ததாக அல்லவா நினைத்திருந்தாள்! பார்லர் வாசலில் பிறந்ததிலிருந்து பார்த்த கை அது. அவளுக்கு அதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, இந்தக் கட்டுரையை எழுதிக் கொடுத்தது நீங்கதானே?" என்றார் மாசானமுத்து.

"நானா? சார், அவ என்ன படிக்கான்னே எனக்குத் தெரியாது. கேட்டா எலக்கியம்ங்கா. நான் நகராட்சிக்குப் புகார் சொல்லுதவ. எனக்கும் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம்?"

"அதேதான். நீங்க போன்ல பேசின புகார் எல்லாத்தையும் எழுத்தா மாத்தி எங்க பதிவுல வச்சிருக்கோம். எந்திரம் சொல்லைப் பாக்காது, சொல்ற தோரணையைப் பாக்கும். இதைக் கேளுங்க, இது உங்க தெருவிளக்குப் புகார்." பலகையைப் பார்த்துப் படித்தார். "'லைட்டு எரியலைன்னு சொன்னா ஒருத்தன் வாரான். வந்தவன் லைட்டைப் பாக்கானா, லைட்டுக்குக் கீழ நிக்க என்னைய பாக்கானா? எனக்கென்னவோ ரெண்டாவதுதான்.'"

முதல்வர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், பாவம், புரையேறிவிட்டது.

"இது கட்டுரை. 'மறந்துவிட்டாளா, நாம் கவனிக்கிறோமா என்று பார்த்தாளா? எனக்கென்னவோ இரண்டாவதுதான்.'"

ஹெப்சிபா மேடம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பாக்கியத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, நான் பேசுதது சத்தம்னு சொல்லித்தான விடுதிக்கு ஓடின? அதையா எழுதி வச்சிருக்க?"

பிரம்மசக்திக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. மூன்று வருடம் ஓடி ஓடி, கடைசியில் உட்கார்ந்து மனசு விட்டு எழுதினால் அம்மா வந்து நிற்கிறாள். "எனக்கே தெரியாதும்மா," என்றாள்.

மாசானமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "விதின்னு ஒண்ணு இருக்கு. இவங்க ரேகை பிளஸ் டூ விடைத்தாள்ல இருக்கு. அதோட இது பொருந்தலை, தாயாரோட பொருந்துது. வேற வழியில்லை, இரவல் முத்திரைதான்." பலகையில் விரலை வைத்தார்.

பிரம்மசக்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் கையில் அடித்துக் கொடுத்தாயிற்று. சென்னை போயிற்று, படிப்பு போயிற்று, நூலும் புருவமும்தான் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டாள்.

"சார்," என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ரபீக்கா! முன்னால் வந்தாள். "சார், நீங்க கொம்பையா டியூட்டோரியல்ல எந்த பேட்ச்?"

மாசானமுத்துவின் விரல் அந்தரத்தில் நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஞாலத்தில் சிறந்தது எதுன்னு ஆரம்பிச்சீங்களே சார். நானும் அங்கதான் படிச்சேன். இவளும் அங்கதான். நீங்க இப்பப் பேசின பேச்சை இவ ரேகையோட வச்சுப் பாருங்க."

"அது எதுக்கு..."

"பாத்திருங்களேன்," என்றார் ஹெப்சிபா மேடம், தலைப்பை எடுத்துவிட்டு.

பார்த்தார்கள். மாமியார் தயங்கவே இல்லை.

"பொருத்தம்: தொண்ணூற்றேழு. வாழ்த்துகள், பிரம்மசக்தி."

"நீங்களும் இவதான் சார்," என்றாள் ரபீக்கா. "நானும் இவதான். உங்க எந்திரத்துல எங்க ஊரு பூரா ஒரே ஆளுதான். என் ரேகையும் பொய்தான், என்னை என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோங்க. ஆனா இவ எழுதினதுதான் நிஜம். மூணு வாரம் தலைகூடச் சீவாம எழுதினா, நான் பாத்தேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிரம்மசக்தி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ ஏன்ட்டி சொன்ன, லூசு?" என்று கேட்டுக்கொண்டே தானும் அழுதாள்.

மாசானமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வேலை நேர்முகத்துக்கு எழுதிய கட்டுரையும் அப்படித்தான் ஆரம்பித்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"சாரு நல்லா இருக்காரா?" என்று கேட்டார் மெதுவாக.

"ஜம்முனு இருக்கார் சார். உங்க டிகிரியையும் சேத்துக்குவார்," என்றாள் பிரம்மசக்தி.

அப்போதுதான் அந்த மனிதர் சிரித்தார். சட்டையில் சுருக்கம் விழச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு முதல்வரிடம், "புது ரேகை எடுத்துருவோம் சார். மனப்பாடம் வேண்டாம், தலைப்பு வேண்டாம். பேனாவும் தாளும் கொடுத்து, எதையாவது எழுதச் சொல்லுவோம். இந்த ரெண்டு பேர்ல ஆரம்பிப்போம். மத்தவங்களும் மெதுவா வரட்டும். யாரையும் தோண்ட வேண்டாம். தோண்டினா முதல்ல நான்தான் வருவேன்," என்றார்.

இரண்டு மேசை போட்டார்கள். பிரம்மசக்தி உட்கார்ந்ததும் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி, திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டு கக்கூஸைப் பத்தி எழுது, யாரும் எழுத மாட்டேங்கான்," என்றாள் பாக்கியத்தாய்.

"அம்மா, தயவுசெஞ்சு பேசாதீங்க. ரேகை கலந்திரும்," என்று மாசானமுத்து கும்பிட்டார்.

"இனிமேயா கலக்கப் போகுது?" என்று முணுமுணுத்துவிட்டு, மேசையில் கிடந்த படக்கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

ரபீக்கா தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள். 'ஞாலத்தில்' என்று எழுதினாள், அடித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு முறுக்கு ரொம்பப் பிடிக்கும்," என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பேனா நிற்கவில்லை.

பிரம்மசக்தியின் புதுத் தாளும் பழைய கட்டுரையும் தொண்ணூற்று மூன்று சதவீதம் பொருந்தின. "இதை எழுதியவர் நீங்களே," என்றது மாமியார். ரபீக்காவின் தாளை வைத்தபோது எந்திரம் ரொம்ப நேரம் யோசித்தது. மாநிலம் முழுக்கத் தேடியிருக்க வேண்டும்.

"இந்த ரேகை எங்கள் பதிவில் யாரோடும் பொருந்தவில்லை. புதியவரா?"

ரபீக்கா திரையைத் தொட்டு, "ஆமா," என்று சத்தமாகவே சொன்னாள்.

ஜன்னலோரமாகப் பாக்கியத்தாய் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"ஏட்டி பிரம்மு, இங்க வந்து பாரேன். இந்தப் பொம்பள நிக்கது அப்படியே நீ நிக்க மாதிரியே இருக்கு. இந்தத் திமிரு யார்ட்ட இருந்துதான் வருதோ!"

இடது கையை இடுப்பில் வைத்து, மோவாயைத் தூக்கிக்கொண்டு அதைச் சொன்னாள். அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

"என்னத்துக்கு இப்பச் சிரிக்கிய?" என்றாள் பாக்கியத்தாய், கையை எடுக்காமல்.